கோணேசர் மலையடியில் ஒரு மாங்காய்த் துண்டு

வெள்ளிக்கிழமை மாலை, திருகோணமலையில் பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழியில், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்ப் பை ஒன்றை ஒரு புள்ளிமான் என் கையிலிருந்து பறித்துக்கொண்டது. கோட்டை மான்கள் மனிதருக்கு அஞ்சாதவை என்பது நம்மூரார் எல்லோரும் அறிந்ததே. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவற்றுக்கு வாழைப்பழத் தோலை நீட்டி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அன்று அந்த மான் மாங்காயோடு நிற்கவில்லை, பையையும் சேர்த்து மெல்லத் தொடங்கியது. பொலித்தீனில் பாதி வாய்க்குள்ளும் பாதி வெளியிலுமாகத் தொங்க, நான் பதறிப்போய் அதைப் பிடித்து இழுக்கப் போனேன்.

"இழுக்காதேங்க தம்பி, கிழிஞ்சா பாதி உள்ள போயிடும்" என்று சொல்லிக்கொண்டே மாங்காய் விற்கும் அக்கா ஓடி வந்தார். ஒரு துண்டு மாங்காயை உப்பில் தோய்த்து மானின் மூக்குக்கு நேரே நீட்டினார். அதற்காக அது வாயைத் திறந்த கணத்தில் மற்றக் கையால் பையை உருவி எடுத்துவிட்டார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. பல தடவை இதே வேலையைச் செய்து பழகிய கை அது.

பிறகு அவர் என்னைக் கோபிக்காமல் நினைவூட்டினார்: "வாங்கேக்கையே சொன்னனே தம்பி, திண்டு முடிச்சுப் பையைத் தாங்க, இன்னொரு துண்டு தாறன் எண்டு." அவர் சொன்னது உண்மைதான். வியாபாரப் பேச்சு என்று நினைத்து நான் கவனிக்காமல் நடந்துவிட்டேன். மான்களை இழுப்பது பையில் ஒட்டியிருக்கும் உப்பும் சோற்று மணமும்தான் என்றும், தின்ற பொலித்தீன் வயிற்றிலேயே தங்கிவிடும் என்றும், இரை தின்ன இடமில்லாமல் மான் மெலிந்து சாகும் என்றும் அவர் விளக்கினார். அசைபோடும் விலங்குகளின் முதல் இரைப்பையில் சேரும் பொலித்தீன் செரிக்காமலும் வெளியேறாமலும் கட்டிபட்டுப் போகும் என்பதை நான் படித்திருக்கிறேன். வயிறு நிறைந்திருக்கப் பட்டினியால் சாவது என்றால் என்ன என்பதை அந்த அக்கா சொல்லித்தான் உணர்ந்தேன்.

கோவிலுக்கு ஏறுவதை ஒத்திவைத்துவிட்டு அரைமணி நேரம் அவருடைய தட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். மலையிலிருந்து இறங்கி வந்த பிள்ளைகள் வெறும் பைகளைக் கொண்டு ஓடிவந்து கொடுத்தார்கள். ஒரு சிறுமி தன்னுடைய பையோடு, வழியில் கிடந்த இன்னும் இரண்டையும் பொறுக்கி வந்து மூன்று துண்டு வாங்கிப்போனாள். எல்லோரும் திருப்பிக் கொடுத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் அந்தத் தட்டைச் சுற்றி நிலத்தில் பை ஒன்றும் கிடக்கவில்லை. சற்றுத் தள்ளி, சூழலைப் பேணுமாறு மூன்று மொழிகளில் வேண்டிக்கொள்ளும் பலகையின் காலடியிலோ, சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் சீட்டும் யோகட் கோப்பைகளுமாக ஒரு சிறு குவியலே இருந்தது.

நான் வாழும் ஜேர்மனியில் 2003 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் போத்தலுக்கும் பானத் தகரத்துக்கும் 25 யூரோ சதம் கூடுதலாக வாங்கி, வெறும் போத்தலைக் கடையில் கொடுத்தால் அதைத் திருப்பித் தருகிறார்கள். அதனால் அங்கே வீதியில் போத்தல் கிடந்தாலும் யாராவது எடுத்துவிடுவார்கள். அங்குள்ளவர்கள் பிறவியிலேயே சுத்தக்காரர்கள் என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். ரயில் நிலைய வாசலில் சிகரெட் கட்டைகள் கிடக்கும் கோலத்தைத் தினமும் காணும் எனக்கு அந்த எண்ணம் இல்லை. எதற்குத் திருப்பிப் பணம் கிடைக்கிறதோ அது நிலத்தில் தங்குவதில்லை, அவ்வளவுதான். ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்கு வரும் ஆயிரக்கணக்கான நம் சனங்களும், கண்ணுக்கெட்டிய தூரத்தில் தொட்டி இருப்பதால், சாப்பிட்ட தட்டைத் தேடிப்போய்ப் போடுகிறார்கள். அவர்கள் வேறு யாருமல்லர். இதே கோட்டை வாசலில் விளையாடி வளர்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

உண்மையில் அந்த அக்காவின் முறை ஐரோப்பாவிலிருந்து வந்ததன்று. என் சிறுவயதில் முடக்குக் கடையில் சோடா குடித்தால் கண்ணாடிப் போத்தலை அங்கேயே வைத்துவிட்டு வரவேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் போத்தல் காசு கட்டவேண்டும். கச்சான் பழைய கொப்பித் தாளில் சுருட்டித்தான் வந்தது, சோற்றுப் பார்சல் வாழையிலையில் வந்தது. மான் அந்த இலையையும் தின்றது, ஒன்றும் ஆகவில்லை. அன்று எங்களுக்குச் சுத்தம் பற்றி யாரும் பிரசாரம் செய்ததில்லை. வீசியெறிவதற்கு இன்றைக்குள்ள அளவு பொருள்களும் எங்களிடம் இருக்கவில்லை.

இப்போது இலங்கையில் பிரசாரம் நிறைய நடக்கிறது. சட்டங்களும் உண்டு: 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீட்டுக்குத் தடை வந்தது, 2023 ஒக்டோபரில் உறிஞ்சு குழலுக்கும் பிளாஸ்டிக் கரண்டிக்கும் தடை வந்தது, 2025 நவம்பர் முதல் கடைகளில் கைப்பிடிப் பை இலவசமில்லை. 2025 ஜனவரி முதலாம் திகதி தொடங்கிய 'கிளீன் ஸ்ரீ லங்கா' திட்டத்தின் பெயரைச் சொல்லி டச்சுபே கடற்கரையில் சிரமதானம் செய்ததாக என் தங்கையின் மகன் பெருமையோடு சொன்னான். அவன் இப்போது டொபித் தாளைக் காற்சட்டைப் பைக்குள் வைத்து வீடுவரை கொண்டுவருகிறான்; தாய் துணி தோய்க்கும்போது திட்டுகிறாள். இதை நான் சிறிய மாற்றமாக எண்ணவில்லை.

நிலாவெளி பஸ்ஸிலும் ஒரு மாற்றத்தைக் கண்டேன். முன்பெல்லாம் குடித்து முடித்த போத்தலை யன்னலால் எறிவதற்கு எவரும் யோசிப்பதில்லை. பேச்சைக்கூட நிறுத்தாமல் எறிவார்கள். இம்முறை எனக்கு முன்னால் இருந்த இளைஞர் எறியக் கையை ஓங்கியவர், ஒரு கணம் தயங்கி, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினார். என் கண்ணைக் கண்டதும் கையை இறக்கிவிட்டார். அந்தத் தயக்கத்தைப் பிரசாரம்தான் உண்டாக்கியிருக்கிறது, அதற்காக உழைத்தவர்களை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் பஸ்ஸிலும் தொட்டி இல்லை, அவர் இறங்கிய தரிப்பிடத்திலும் தொட்டி இல்லை. போத்தல் இருக்கைக்கு அடியில் உருண்டு கிடந்தது. வெட்கத்தை உண்டாக்கிவிட்டு, வெட்கப்பட்டவன் கையிலுள்ள குப்பையை வைக்க ஓர் இடம் கொடுக்காமல் விடுவது எனக்கு மிகுந்த கோபத்தைத் தந்தது.

ஊரைவிட்டுப் புறப்படுவதற்கு முதல்நாள், தங்கை வீட்டு மூடிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் கோட்டைக்குப் போனேன். அக்கா அதில் மாங்காயைப் போட்டுவிட்டு, "பை மிச்சம்" என்று ஒரு துண்டைக் கூடவும் வைத்தார். சேரும் பைகளை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். உர மூட்டைச் சாக்கில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், குப்பை ஏற்றும் உழவு இயந்திரம் வரும் நாளில் படலையடியில் வைப்பதாகச் சொன்னார். போன கிழமை அது வரவில்லையாம். இந்தக் கிழமையும் இன்னும் வரவில்லையாம். இரண்டு சாக்குகள் வேலியோடு சாத்திக் கிடக்கின்றன, இரவில் மாடுகள் வந்து கொம்பால் கிழித்துவிடாதபடி மேலே பழைய தகரம் ஒன்றைப் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே, அடுத்து வந்த பிள்ளையின் கையிலிருந்த வெறும் பையை வாங்கி அவர் சாக்குக்குள் போட்டார்.