கட்டணம் ஏற்றிய பிறகும் நான் மாற்றாத வீட்டுக் காப்பகம்

என் மகளுக்கு 11 மாதம் ஆனதிலிருந்து ஓர் அக்கா வீட்டில்தான் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். இப்போது அவளுக்கு மூன்றரை வயது. பிள்ளைகளைப் பாசமாகப் பார்த்துக்கொள்வார், வீடு சுத்தம், போன் செய்தால் எடுப்பார். நான் எழுத வந்தது அவர் கட்டணம் ஏற்றிய விதத்தைப் பற்றி.

மூத்தவனை விட்டிருந்த இடத்தில் ஒரு மாதம் 20ஆம் தேதி வாட்ஸ்அப்பில் ஒரே வரி வந்தது: அடுத்த மாதத்திலிருந்து இவ்வளவு. ஏன் என்று கேட்டால், "எல்லா இடத்துலயும் ஏறிடுச்சு." பணத்தைவிட, பத்தே நாளில் வேறு இடம் தேட முடியாது என்று தெரிந்தே கேட்டதுதான் எனக்கு உறுத்தியது.

இந்த அக்கா இரண்டு மாதம் முன்பே கடிதம் கொடுத்தார். காலை அவசரத்தில் இல்லை, சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிடப் போனபோது, கையில். ஐந்து வரிதான்: பழைய கட்டணம், புதியது, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மணி நேரத்துக்கு, எது மாறவில்லை. மன்னிப்பும் இல்லை, புலம்பலும் இல்லை.

கணக்கை நான்தான் கேட்டேன். தோளில் ஒரு கைக்குழந்தை தூங்க, மறு கையால் கட்டம் போட்ட நோட்டைப் பிரித்தார். முதல் பிள்ளை வருவது ஏழரை, கடைசிப் பிள்ளை போவது ஆறரை. முன்னால் அரை மணி, பின்னால் துடைக்க, கழுவ ஒரு மணி. ஆக, நாளுக்கு பன்னிரண்டரை மணி நேரம். வரும் பணத்தில் செலவு போக மிச்சத்தை அந்த மணிகளால் வகுத்து, பக்கத்தின் அடியில் பென்சிலால் ஓர் எண் எழுதியிருந்தார். அந்த எண்ணைப் பார்த்த பிறகு பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வருடமாக அவர் பழைய குடும்பங்களுக்கு ஏற்றவே இல்லை. விலைவாசி வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினாலே, மூன்று வருடத்தில் 100 ரூபாய்ச் செலவு 119 ஆகிவிடும். அவர் கேட்டது 10 சதவீதம்தான்.

"அஞ்சு பிள்ளைங்கம்மா. பத்து ஏத்தி ஒண்ணு போயிடுச்சுன்னா, நாலரைப் பிள்ளை காசுகூட தேறாது," என்றார். உண்மைதான். ஐந்து கட்டணம் வந்த இடத்தில் 4.4 தான் வரும், 12 சதவீதம் நஷ்டம். அதனால்தான் காத்திருந்திருக்கிறார். போன வருடம் புதிதாகச் சேர்ந்த குழந்தைக்கு மட்டும் கூடுதலாகக் கேட்டுப் பார்த்தார், மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். பெரிய பிள்ளை ஒன்று பள்ளிக்குப் போகும் நேரத்தில், இடத்துக்காக இரண்டு வீட்டார் காத்திருந்தபோதுதான் மற்றவர்களிடம் சொன்னார். நேரம் பார்த்துச் செய்த காரியம். அதில் தப்பே இல்லை.

தாமதமாக வந்தால் தனிக் காசு என்று ஒரு யோசனையும் வைத்திருந்தார். நான் வேண்டாம் என்றேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் 10 காப்பகங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2000இல் வெளியானது. அபராதம் போட்டதும் தாமதமாக வரும் பெற்றோர் கூடிவிட்டார்கள். காசு கொடுத்தாயிற்று, பிறகென்ன என்று ஆகிவிடுகிறது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலை திரும்பவில்லை. இதைச் சொன்னதும் அக்கா அந்த வரியை அடித்துவிட்டு, மூடும் நேரத்தை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதினார். நானே மூன்று முறை தாமதமாகப் போயிருக்கிறேன். கதவோரம் செருப்புப் போட்டுத் தயாராக நின்ற மகளைப் பார்த்த பிறகு ஒரு நாளும் தாமதிக்கவில்லை.

குறையும் உண்டு. அவர் விடுமுறை எடுக்கும் நாட்களுக்கு முழுக் கட்டணமா என்பது கடிதத்தில் இல்லை. வாய்ப் பேச்சாகத்தான் "ஆமாம்மா" என்றார். ரசீது கேட்டால்தான் வரும். இதைவிட முக்கியமாக, மூன்று வருடம் பொறுத்து மொத்தமாகக் கேட்பதைவிட, வருடா வருடம் ஒரே மாதத்தில் கொஞ்சமாக ஏற்றுவதுதான் இரு பக்கத்துக்கும் நல்லது. சொன்னேன். "வருஷா வருஷம் கேக்கக் கூச்சமா இருக்கும்மா," என்றார். சேரும்போதே எழுதிவிட்டால் கேட்கவே வேண்டாமே என்றேன்.

போன வாரம் புதிதாக ஒரு குழந்தை சேர்ந்தது. அதன் அம்மா கையெழுத்துப் போட்ட தாளில், வருடாந்தர உயர்வு என்று ஒரு வரி, மாதத்தோடு இருந்தது.