பச்சைக் கட்டத்தை நம்பி 12,000 வெள்ளி கட்டினோம்

சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் பங்களா லாட் (வீட்டு மனை) மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது வந்தால், காசை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். (2007-லேயே பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நம் வாயில் இன்னும் பழைய பெயர்தான்.) நானும் அண்ணனும் சேர்ந்து 12,000 வெள்ளி (ரிங்கிட்) டெப்பாசிட் கட்டி எட்டு மாதம் ஆகிறது. அண்ணனுடைய பங்கு, அவர் இபிஎஃப் சேமநிதியில் எடுத்த பணம்.

விற்க வந்தவர் வெளியாள் இல்லை. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. தைப்பூசத்துக்கு அண்ணனோடு சேர்ந்து காவடி எடுத்தவர். "தங்கச்சி, நம்ம ஆளுங்க எத்தன காலம் தோட்டத்து லய வீட்டுல இருந்துட்டு வெறுங்கையோட வெளியேறுறது? ஆளுக்கொரு துண்டு நிலம் வேணாமா?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்தோம். அப்பா நாற்பது வருடம் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். சாகும்போது சொந்தமாக ஒரு கதவு கூட இல்லை.

பிளானைச் சமையலறை மேசையில் விரித்துக் காட்டினார். 6 ஏக்கர், 48 லாட், லாட்டுக்கு 4,000 சதுர அடி. நடுவில் பெரிய பச்சைக் கட்டம், அது விளையாட்டுத் திடலாம். மேற்கே புள்ளி வைத்த கோடு, அது ரோடாம். கோயிலுக்குக் கூட இடம் விட்டிருந்தார்கள். அண்ணி அதைத்தான் முதலில் பார்த்தார்.

கீழே வலது மூலையில் எறும்பு அளவுக்கு ஒரு சொல் இருந்தது: 'சாடாங்கான்'. முன்மொழிவு, அவ்வளவுதான். நகராட்சி முத்திரை இல்லை, கோப்பு எண் இல்லை. செம்பனை (பாமாயில்) ஆலையில் கணக்கு எழுதுகிறவள் நான், இன்வாய்ஸில் பத்து காசு தப்பினால் கண்டுபிடிப்பேன். அந்தச் சொல்லை மட்டும் பார்க்கவில்லை.

ஐந்து மாதமாகியும் ஒப்பந்தம் வராததால் நில அலுவலகத்துக்குப் போய் சாரியான், அதாவது நிலப் பதிவு விவரத் தாள், எடுத்தேன். நிலத்தின் விவரம் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. ஒரே ஒரு கிரான் (நிலப் பட்டா). வகை: பெர்தானியான், அதாவது விவசாயம். நிபந்தனை: செம்பனை. அதன்மேல் யாரோ போட்ட கேவியட் (நிலத்தைக் கைமாற்ற விடாத தடை) ஒன்றும் இருந்தது. பங்களா என்ற பேச்சே இல்லை. மலாய் ரிசர்வா (மலாய்க்காரர் மட்டுமே வாங்கக்கூடிய நிலமா) என்பதையும் அதே தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது அது இல்லை, அந்த மட்டும் தப்பித்தோம்.

தேசிய நிலச் சட்டம் 136ஆம் பிரிவின்படி விவசாய நிலத்தைப் பிரித்தால் ஒரு துண்டு 0.4 ஹெக்டருக்குக் குறையக் கூடாது. கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அப்படியென்றால் 6 ஏக்கரில் ஆறு துண்டு தேறும், 48 எங்கிருந்து வரும்? முதலில் வகையைக் கட்டட நிலமாக மாற்ற வேண்டும், நகராட்சியிடம் கெபெனாரான் மெரஞ்சாங் (திட்ட அனுமதி) வாங்க வேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பமே போகவில்லை.

அடுத்த ஞாயிறு, முந்தின இரவு நல்ல மழை, அண்ணனோடு நிலத்தைப் பார்க்கப் போனேன். அந்தப் பச்சைக் கட்டம் இருக்கிறதே, அது பாயா. சதுப்பு. செருப்பு புதைந்து, இழுத்தால் வார் அறுந்தது. பாரிட்டில் (வாய்க்காலில்) தண்ணீர் தேத்தண்ணி நிறம். செம்பனை மரங்கள் ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம் சாய்ந்து, வேர் முழங்கால் உயரத்துக்கு வெளியே தெரிந்தது. காம்புட் மண், மக்கிய தாவரம் சேர்ந்த கரி மண். ராஜா மூசா காட்டைச் சுற்றி இருக்கிற அதே கரிய மண். தண்ணீரை வடித்தால் வருடா வருடம் இறங்கிக்கொண்டே போகும். மரமே நிற்க முடியாத இடத்தில் வீட்டுக்கு எவ்வளவு ஆழம் பைலிங் (அடித்தூண்) அடிப்பது? லாட்டின் விலையை அது தின்றுவிடும்.

பின்னால் ஒரு சிற்றாறு, எட்டு மீட்டர் அகலம் இருக்கும். அந்த அகலத்துக்கு வடிகால் இலாகா வழிகாட்டி இரு கரையிலும் 10 மீட்டர் ஒதுக்கு நிலம் விடச் சொல்கிறது. எங்கள் 31ஆம் லாட்டில் பாதி அதற்குள் போய்விட்டது.

ரோட்டுக் கதை இன்னும் மோசம். புள்ளிக்கோடு என்பது அடுத்த தோட்டத்தின் செம்மண் பாதை, பழக்குலை லோரி போகிற வழி. வாசலில் தடுப்புக் கம்பம், காவலாளி. "நீங்க எட்டாவது ஆளு. எல்லாரும் இதே தாளத்தான் கொண்டாந்து காட்டுறாங்க" என்றார். பிரிக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் முறையான வழி இருக்க வேண்டும் என்று அதே 136ஆம் பிரிவு சொல்கிறது. வழியுரிமை கேட்டு நில நிர்வாகியிடம் விண்ணப்பிக்கலாம்தான். விசாரணை உண்டு, இழப்பீடு உண்டு. ஆனால் அதை நிலத்துக்காரரோ நிலத்தை அனுபவிப்பவரோ கேட்க வேண்டும். எங்கள் கையில் இருப்பது ரசீது மட்டும். அதிலும் 'நிலம்' என்ற சொல் கிடையாது, 'புக்கிங்' என்றுதான் எழுதியிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். முதலில் "லாயர் லீவுல இருக்காரு", பிறகு "நகராட்சியில மீட்டிங் முடியட்டும்", கடைசியில் போனே எடுக்கவில்லை. குற்றவியல் சட்டம் 420ஆம் பிரிவின்கீழ், மோசடி என்று, போலீஸ் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறோம். ரசீது, பேங்க் டிரான்ஸ்ஃபர், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். நீங்களும் கட்டியிருந்தால் எதையும் அழித்துவிடாதீர்கள். தனித்தனியாகப் போகாமல் சேர்ந்து ரிப்போர்ட் கொடுப்போம்.

போன வாரம் அண்ணியின் தோழிக்கு அதே ஆள் 'இரண்டாம் கட்டம்' என்று புதுப் பிளான் அனுப்பியிருக்கிறார். பார்த்தேன். அதே நிலம், அதே புள்ளிக்கோடு. அந்தப் பச்சைக் கட்டத்துக்கு மட்டும் இப்போது நீல நிறம் அடித்து, 'ஏரிக்கரை லாட்' என்று எழுதி, 5,000 வெள்ளி கூட்டியிருக்கிறார்கள்.