விசேஷத்துக்கு ரோஸ் மில்க் ஆர்டர் செய்யப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்: ரூ. 7,510 போனது, தங்கை மருத்துவமனையில்

கடந்த ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் எங்கள் வீட்டில் என் தங்கைக்கு வளைகாப்பு நடந்தது. இன்று செவ்வாய்க்கிழமை, அவள் இன்னும் மருத்துவமனையில்தான் இருக்கிறாள். உணவு ஆர்டர் செய்யும் ஒரு செயலி வழியாக, நகரின் மையப் பகுதியில் உள்ள ஒரு குளிர்பானக் கடையிலிருந்து ரூ. 7,510 முன்பணமாகக் கட்டி நான் வரவழைத்த ரோஸ் மில்க்தான் இதற்குக் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரையும் செயலியின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

இந்த வெயிலுக்கு வீட்டிலேயே பானகமும் நீர்மோரும் கரைத்துவிடலாம் என்று அம்மா இரண்டு முறை சொன்னார். சம்பந்தி வீட்டார் முதன்முறையாக இத்தனை பேர் வருகிறார்கள், நன்றாக இருக்க வேண்டும் என்று நான்தான் மறுத்தேன். செயலியில் நல்ல மதிப்பெண்ணோடு இருந்த அந்தக் கடையைத் தேர்ந்தெடுத்து, 80 ரோஸ் மில்க்கும் 40 நன்னாரி சர்பத்தும் பதிவு செய்துவிட்டு, பணம் கட்டுவதற்கு முன்னால் கடைக்கே தொலைபேசியில் பேசினேன். கர்ப்பிணிப் பெண் குடிக்கப் போகிறாள், குழந்தைகள் இருக்கிறார்கள், பாலும் ஐஸும் எப்படி என்று தெளிவாகவே கேட்டேன். “சார், வளைகாப்புன்னு சொல்றீங்க, நம்ம வீட்டு விசேஷம் மாதிரி பாத்துக்கிறேன். பால் அன்னைக்குக் காலைல காய்ச்சினது, ஐஸ் எங்க ஆர்.ஓ. தண்ணில நாங்களே போடுறது” என்றார் அவர். அந்த ‘நம்ம வீட்டு விசேஷம்’ என்ற சொல்லுக்கு நான் மயங்கிவிட்டேன். மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காமல் ரூ. 7,510-ஐயும் அப்போதே கட்டினேன்.

11 மணிக்கு வர வேண்டியது 11.40-க்கு வந்தது. குளிர்ப்பெட்டி எதுவும் இல்லாமல், சாதாரண பிளாஸ்டிக் கேன்களில் இருந்தது. கேனைத் தொட்டபோது சில்லென்று இல்லை என்பதை என் கை உணர்ந்தது. ஆனால் தங்கைக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள், வந்தவர்கள் தாகத்தோடு காத்திருந்தார்கள், நான் பேசாமல் ஊற்றிக் கொடுத்தேன். கடையில் 9 மணிக்கே கேனில் நிரப்பி வைத்துவிட்டார்கள் என்று கொண்டுவந்த பையன் போகிற போக்கில் சொன்னதும் அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு முதலில் வாந்தி எடுத்தது என் அக்காவின் ஆறு வயது மகன். மாலைக்குள் பத்தொன்பது பேர். இரவு தங்கைக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் போய், அடிவயிறு இறுகுகிறது என்று அவள் சொன்னதும் நாங்கள் ஓடிய ஓட்டத்தை எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. ஏழாம் மாதத்தில் உடம்பில் நீர் வற்றினால் அதுவே வலியைத் தூண்டிவிடலாம் என்று சொல்லி உடனே ட்ரிப் ஏற்றினார்கள்.

குடித்த மூன்று மணி நேரத்தில் வாந்தி தொடங்கியிருப்பதால், பாலிலேயே நஞ்சு உருவாகியிருக்க வாய்ப்பு அதிகம் என்றார் மருத்துவர். கையாள்பவரின் கையிலிருந்தோ மூக்கிலிருந்தோ பாலில் சேரும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி வெதுவெதுப்பில் வேகமாகப் பெருகும் என்றும், அது சுரந்துவிட்ட நஞ்சு பிறகு பாலைக் குளிரவைத்தாலும் கொதிக்கவைத்தாலும் போகாது என்றும் அவர் விளக்கினார். காய்ச்சிய பாலைச் சீக்கிரம் ஆறவைத்து 5 டிகிரிக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். இவர்களோ இந்த வெயிலில் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகக் கேனில் வைத்திருந்தார்கள்.

கடைக்காரருக்கு அன்று மாலையே பேசினேன். கூட்டமாக இருக்கிறது, பிறகு பேசுங்கள் என்றார். இரவு பேசியபோது, உங்கள் வீட்டுக் கலந்த சாதத்தில்தான் கோளாறு இருந்திருக்கும் என்றார். அதே புளியோதரையையும் தயிர்சாதத்தையும் சாப்பிட்டு, சர்க்கரை நோய் காரணமாக ரோஸ் மில்க்கை மட்டும் தொடாத என் இரு அத்தைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை, சாதம் பரிமாறுவதற்கு முன்பே ரோஸ் மில்க் குடித்துவிட்டு விளையாடப் போன பிள்ளைகள்தான் முதலில் விழுந்தார்கள் என்று நான் சொன்னதும், செயலியில்தானே பணம் கட்டினீர்கள், அங்கேயே கேளுங்கள் என்று இணைப்பைத் துண்டித்தார். செயலிக்காரர்களோ, தாங்கள் இடைத்தரகர் மட்டுமே என்றும், கெட்டுப்போன பானத்தின் புகைப்படத்தை அனுப்ப வேண்டும் என்றும் எழுதினார்கள். கெட்டது நிறத்தில் தெரியுமா? நான்கு மணி நேர அரட்டைக்குப் பிறகு, ரூ. 7,510-க்கு ஈடாக ரூ. 150-க்கு ஒரு கூப்பன் கொடுத்து, அதுவும் ஏழு நாளைக்குத்தான் செல்லும் என்று சொல்லிப் புகாரை முடித்துவிட்டார்கள்.

நேற்று நேரிலேயே போனேன். ஐஸ் பார் தரையில் சாக்கின் மேல் கிடந்தது. ஒருவர் இரும்புக் கம்பியால் உடைத்துக்கொண்டிருந்தார். இது உங்கள் ஆர்.ஓ. தண்ணீரா என்று கேட்டதற்கு, ஐஸ் கம்பெனியிலிருந்து வருகிறது என்று அவரே சொன்னார். மீன் முதலியவற்றைப் பதப்படுத்தும், சாப்பிடக் கூடாத ஐஸுக்கு அடையாளமாக நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018 ஜூன் முதலே விதி இருக்கிறது; இது வெள்ளையாகத்தான் இருந்தது, ஆனால் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறோம், சாகாது. சுவரில் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழும் இல்லை, கடை கொடுத்த ரசீதில் 14 இலக்க உரிம எண்ணும் இல்லை. இதை நான் முன்பே பார்த்திருக்க வேண்டும்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. ரசீதிலும் செயலியிலும் 14 இலக்க எண் இருக்கிறதா என்று பாருங்கள். பால் சேர்ந்த பானம் சில்லென்று வரவில்லை என்றால் யார் காத்திருந்தாலும் ஊற்றாதீர்கள். முழுப் பணத்தையும் முன்னதாகக் கட்டாதீர்கள். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் மிச்சத்தைக் கொட்டிவிடாமல் சுத்தமான பாட்டிலில் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். நாங்கள் கேனைக் கழுவிவிட்டோம், இப்போது பரிசோதனைக்குக் கொடுக்க எங்களிடம் ஒரு சொட்டும் இல்லை. உணவுப் பாதுகாப்புத் துறையிலும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிவு செய்திருக்கிறேன்.

தங்கைக்கு நேற்றிரவு முதல் வயிற்று இறுக்கம் இல்லை, குழந்தையின் இதயத் துடிப்பும் சீராக இருக்கிறது. நாளை அனுப்புவோம் என்றிருக்கிறார்கள். அம்மா கஞ்சி வடித்து வைத்திருக்கிறார், கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.