சாய்வு வண்டியா, தட்டு வண்டியா?

தச்சுப் பட்டறையில் பிளைவுட் பலகைகளை நகர்த்தவும் அடுக்கி வைக்கவும் வண்டி செய்ய இரண்டு வழிகள்: படுக்கையாக அடுக்கும் தட்டு வண்டி, நிறுத்திச் சாய்க்கும் சாய்வு வண்டி.

தட்டு வண்டியில் பலகை வளையாது, 4 மி.மீ. போன்ற மெல்லிய பலகைக்கு அதுவே நல்லது. ஆனால் 8 அடிக்கு 4 அடிப் பலகை 32 சதுர அடி இடத்தை விழுங்கிவிடும். அடியில் இருப்பதை உருவ வேண்டுமென்றால் மேலுள்ள அத்தனையையும் இறக்க வேண்டும். 18 மி.மீ. பலகை ஒன்றே ஏறக்குறைய 30 கிலோ கனக்கும். தனியாளின் முதுகு என்னாகும்?

சிறிய பட்டறைக்குச் சாய்வு வண்டியே என் தேர்வு. இரண்டரை அடி அகலம் போதும். புத்தகம் புரட்டுவதுபோல் ஒதுக்கி, வேண்டியதை இழுக்கலாம். சாய்வில்தான் கவனம் தேவை. செங்குத்தாக நிறுத்தினால் பலகைகள் நம்மேல் கவிழும். அதிகம் சாய்த்தால் மெல்லியவை தொய்யும். செங்குத்திலிருந்து 10 டிகிரி அளவில் சாய்த்து வையுங்கள். இருபுறமும் அடுக்கும் முக்கோணச் சட்டமென்றால், ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்யாதீர்கள்.

சக்கரத்தில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். என் முதல் வண்டியின் 2 அங்குலச் சக்கரம், தரையில் கிடந்த சிறு மரச்சிராயில் முட்டி நின்றது. மேலிருந்த பாரமோ நிற்கவில்லை, முன்னே பாய்ந்தது. இரு வண்டிகளுக்கும் 5 அங்குலச் சக்கரமே போடுங்கள், இரண்டிலாவது பிரேக்குடன்.