வரன் பார்க்கத் தகவல் மையத்தில் பதிகிறவர்கள் கவனத்துக்கு

திருநெல்வேலி டவுன் பக்கம் ஒரு திருமணத் தகவல் மையத்தில் தங்கைக்கு வரன் பார்க்கப் பதிந்திருந்தோம். புகார் விசாரணையில் இருப்பதால் பெயர் போடவில்லை. ஜாதகம், போட்டோ, சம்பளச் சீட்டு, செல் நம்பர் எல்லாம் வாங்கிக்கொண்டார்கள். பொருந்துகிற வீட்டுக்கு மட்டும், அதுவும் எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் காட்டுவோம் என்று ரசீதின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது.

கொஞ்ச நாளில் தங்கைக்கு ராத்திரி நேரத்தில் போன் வர ஆரம்பித்தது. ஒருத்தன் அவள் சம்பளத்தை ரூபாய் சுத்தமாகச் சொல்கிறான். இன்னொருத்தன் வீடியோ கால் பண்ணுகிறான். அம்பாசமுத்திரத்து அத்தை மூலமாகத்தான் விஷயம் தெரிந்தது. அவர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் தங்கையின் படிவம் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கிறது. மேல் ஓரத்தில் சிவப்பு மையில் ‘தைராய்டு மாத்திரை சாப்பிடுது’ என்று எழுதி வட்டம் வேறு போட்டிருக்கிறார்கள். அம்மா நம்பிக்கையில் வாய்வார்த்தையாகச் சொன்னது அது.

நேரில் போய்க் கேட்டேன். “அதுல என்ன அண்ணாச்சி இருக்கு, நாலு பேரு கைக்குப் போனாத்தான வரன் அமையும்” என்றார் மையத்தை நடத்துகிறவர். அழிக்கவும் மாட்டாராம், பணமும் தர மாட்டாராம். தெரியாத நம்பர் வந்தாலே தங்கை போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறாள். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இதற்கெல்லாம் சட்டம் வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பத்திரிகைக்குச் சாதகமான தீர்ப்புதான் அது. ஆனாலும் ஒருவரின் குடும்பம், திருமணம் போன்ற விஷயங்களை அவர் சம்மதமில்லாமல் வெளியிட்டால் நஷ்டஈடு கேட்கலாம் என்றும், பொது ஆவணங்களில் இருப்பதற்கு அது பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. 2017-ல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஒப்பந்தப்படி சேவை செய்கிறவர், முறைகேடான நஷ்டமோ லாபமோ வரும் என்று தெரிந்தே அதை மீறித் தகவலை வெளியே விட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72ஏ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. எங்கள் புகாரில் அந்த ரசீதைத்தான் முதலில் வைத்திருக்கிறோம்.

2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்தக் காரியத்துக்குச் சம்மதம் வாங்கினார்களோ அதற்கு மட்டும்தான் தகவலைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், அழிக்கச் சொல்லலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். அபராதமும் அரசுக்குத்தான் போகும், பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

சரி, பதியத்தான் வேண்டுமென்றால் பெண்ணின் நம்பரைத் தராதீர்கள். அப்பா நம்பரோ அண்ணன் நம்பரோ போதும். சம்பளச் சீட்டு, ஆதார் நகல் எதுவும் வேண்டாம். போட்டோவின் குறுக்கே மையத்தின் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள், வெளியே போனால் யார் வழியாகப் போனது என்று தெரியும். உடம்பு விஷயத்தை மாப்பிள்ளை வீட்டாரிடம் நேரில் பேசிக்கொள்ளலாம்.

டவுன், பாளையங்கோட்டைப் பக்கம் ஏற்கெனவே பதிந்தவர்கள் சொந்தக்காரர்களின் குரூப்புகளில் ஒருமுறை தேடச் சொல்லுங்கள். படிவம் கிடைத்தால், அனுப்பிய நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு அழிக்கச் சொல்லுங்கள்.