உள்மூடியா, வெளிமூடியா, மின்சார குக்கரா? திறக்கும் நொடியை வைத்து ஓர் அலசல்

குக்கர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை லிட்டர் என்று. அடுத்தது அலுமினியமா, எவர்சில்வரா. மூடி எப்படிப் பூட்டிக்கொள்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கோ அதுதான் முதல் கேள்வி. என் வலது முன்கையில் இருக்கும் தழும்பு அதற்குக் காரணம்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. வெளிமூடி குக்கர். அடுப்பை அணைத்துச் சற்று நேரம் ஆகியிருந்தது. கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கிப் பார்த்தேன், சீறல் இல்லை. ஆவி அடங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். மூடி இறுக்கமாக இருந்தது. கேஸ்கட் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, இரண்டு கைப்பிடிகளையும் பிடித்து அழுத்தித் திருப்பினேன். அடுத்த நொடி மூடி கையில் இல்லை. பருப்பு கூரையில் இருந்தது, என் கையிலும் இருந்தது. பொங்கிய பருப்பின் தோல் ஆவிக்குழாயை அடைத்திருந்தது என்பது மருந்து போட்டுக்கொண்டு வந்த பிறகுதான் தெரிந்தது. சீறல் இல்லை என்றால் உள்ளே ஆவி இல்லை என்றும் இருக்கலாம், ஆவி வெளியே வர வழியில்லை என்றும் இருக்கலாம். இதை எனக்கு யாரும் அதுவரை சொல்லித் தந்ததில்லை.

ஆகவே மூன்று வகைக் குக்கர்களையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன். உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கிறதா இல்லையா என்பதை எந்தக் குக்கர் நமக்கு உண்மையாகச் சொல்கிறது? நாம் தவறாகக் கணித்தால் எது நம்மைத் தடுக்கிறது?

மூடியின் மேல் எவ்வளவு பாரம்?

அடுப்பில் வைக்கும் வீட்டுக் குக்கர்கள் பெரும்பாலும் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ கூடுதலான அழுத்தத்தில் வேலை செய்கின்றன. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. சுமார் 120 டிகிரி வரை சூடேறிய பிறகே கொதிக்கும். சமையல் சீக்கிரம் முடிவதற்கு அதுதான் காரணம்.

மூடியின் குறுக்களவு 22 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 380 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் மூடியை உள்ளிருந்து தள்ளும் விசை 380 கிலோ. நாலைந்து பெரியவர்கள் ஏறி நிற்கும் பாரம் அது. விசில் அடங்கி, அழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 38 கிலோ மிச்சம் இருக்கிறது. சத்தம் கேட்காது, வெளியே எதுவும் தெரியாது. ஆனால் மூடியின் பிடி விட்டதும் அந்த 38 கிலோவும் ஒரே நொடியில் விடுபடும். அதோடு நிற்காது. 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர், அழுத்தம் போனவுடன் மொத்தமாகக் கொதித்து எழும். என் கையைச் சுட்டது மூடி அல்ல, அப்படிப் பொங்கி எழுந்த பருப்புதான்.

உள்மூடி

உள்மூடி குக்கரில் மூடி பாத்திரத்தின் வாயைவிடச் சற்றுப் பெரியது. நீள்வட்டமாக இருப்பதால் சாய்த்து உள்ளே நுழைத்து, திருப்பி, மேலே இழுத்துக் கொக்கியை மாட்டுகிறோம். ஆவி எழுந்ததும் அது மூடியை மேல்நோக்கி, பாத்திரத்தின் விளிம்போடு சேர்த்து அழுத்துகிறது. முன்னே சொன்ன பாரம் இங்கே மூடியைத் திறக்கவில்லை, பூட்டுகிறது. அழுத்தம் கூடக் கூடப் பூட்டும் இறுகுகிறது. இந்தப் பூட்டுக்கு ஸ்பிரிங்கும் மின்சுற்றும் தேவையில்லை. வடிவமே பூட்டு. கெட்டுப்போக என்ன இருக்கிறது?

திறக்கும் நேரம் வந்துவிட்டதா என்பதையும் மூடியே சொல்லிவிடும். கொக்கியை விடுவித்ததும் மூடி தானாகத் தளர்ந்து உள்ளே இறங்கினால் அழுத்தம் இல்லை. விளிம்பை ஒட்டியே நின்றால் இன்னும் இருக்கிறது. ஆவிக்குழாய் அடைத்திருந்தாலும் இந்தப் பதில் மாறாது. பதினேழு வயதில் என் கையில் உள்மூடி குக்கர் இருந்திருந்தால் தழும்பு இருந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் மூடி இறங்கவில்லையே என்று கையை வைத்து அழுத்தி உள்ளே தள்ளக் கூடாது. மிச்ச அழுத்தம் குறைவாக இருக்கும்போது பலம் கொண்டவர்களால் அது முடியும். முடிந்தால் என் கதைதான்.

இதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். வாய் குறுகல். அடுக்குப் பாத்திரங்களை இறக்குவதும் அடியில் கைவிட்டுத் தேய்ப்பதும் சிரமம். மூடி உள்ளே இறங்கும் இடத்தைக் கணக்கில் எடுக்காமல் நிரப்பினால் அது உணவிலேயே போய் உட்காரும். மூடியைச் சாய்த்துப் போடும் பழக்கம் வரும்வரை புதியவர்கள் திணறுவார்கள்.

பராமரிப்பில் இந்த வகைக்கு உயிர்நாடி விளிம்பு. கிளறிய கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் தட்டி உதறும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. உள்மூடி குக்கரில் அந்த விளிம்பின் அடிப்பக்கத்தில்தான் கேஸ்கட் வந்து உட்காருகிறது. தட்டித் தட்டி ஒரு சிறு நெளிவு விழுந்தால் அங்கே ஆவி கசியும். கேஸ்கட்டை எத்தனை முறை மாற்றினாலும் அந்தக் கசிவு நிற்காது. விரலால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத நெளிவு விரலுக்குத் தெரியும்.

வெளிமூடி

இங்கே மூடி மேலே உட்கார்ந்து, திருப்பும்போது அதன் ஓரப் பற்கள் பாத்திரத்தின் பற்களுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்கின்றன. ஆவி மூடியைக் கழற்றவே பார்க்கிறது. பற்கள் பிடித்து நிறுத்துகின்றன. அகன்ற வாய், எளிதாகக் கழுவலாம், பெரிய அளவில் சமைக்கலாம். உள்மூடியைவிட இது வசதியானது என்பதில் எனக்கு மறுப்பில்லை.

ஆனால் வெளிமூடி என்று ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்கள் விற்கின்றன. ஒன்றில் ஆவி எழுந்ததும் கைப்பிடியிலோ மூடியிலோ உள்ள சிறு ஊசி மேலே வந்து, மூடி திரும்பாமல் தடுத்துவிடும். அழுத்தம் போனால்தான் ஊசி இறங்கும். மற்றொன்றில் அப்படி எதுவும் இல்லை. அழுத்தித் திருப்பும் கை வந்தால் மூடி திரும்பிவிடும். நான் பயன்படுத்தியது அந்த இரண்டாவது. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்தப் பூட்டு ஊசி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நிறமும் பளபளப்பும் பிறகு.

இந்த வகையில் மூடியின் ஓரத்தில் நீளமாக ஒரு சிறு சன்னல் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு அல்ல. அழுத்தம் எல்லை மீறினால் கேஸ்கட் அந்தச் சன்னல் வழியாகப் பிதுங்கி ஆவியை வெளியேற்றும். ஆகவே குக்கரை அடுப்பில் வைக்கும்போது அந்தச் சன்னல் நாம் நிற்கும் பக்கம் பார்க்காமல், சுவர்ப் பக்கம் இருக்கும்படி வைக்க வேண்டும்.

மின்சார குக்கர்

இதில் அழுத்தம் பொதுவாகக் கொஞ்சம் குறைவு. வெப்பமும் 115 டிகிரியை ஒட்டியே நிற்கும். நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும். மூடி சரியாகப் பூட்டாவிட்டால் அழுத்தம் ஏறாது. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை மிதக்கும் ஊசி மூடியைத் திறக்க விடாது. அடுப்பில் வைத்ததை மறந்து வேறு வேலைக்குப் போய்விடும் வீடுகளுக்கு இது பெரிய நிம்மதி. முதியவர்கள் தனியாகச் சமைக்கும் வீட்டுக்கு இதைத்தான் சொல்வேன்.

இது பொய் சொல்லும் இடமும் அந்த ஊசிதான். அதைச் சுற்றி உணவுப் பிசுக்கு படிந்தால் ஊசி மேலேயே சிக்கிக்கொள்ளும், அல்லது மேலே எழும்பவே எழும்பாது. மூடியின் அடியில் உள்ள சிறு கவசத்தைக் கழற்றி, ஊசியை விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தால் போதும்; தடையில்லாமல் ஓட வேண்டும். இதை ஒவ்வொரு முறை கழுவும்போதும் செய்யலாம், அரை நிமிடம்கூட ஆகாது. உள்பாத்திரத்தின் அடியையும் அது உட்காரும் தட்டையும் துணியால் துடைத்து உலர்ந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். வெளி உடலைத் தண்ணீரில் அமிழ்த்தவே கூடாது. அடுப்பில் வைக்கும் குக்கரைக் குழாயடியில் காட்டிக் குளிரவைக்கலாம். மின்சார குக்கரைக் காட்டினால் குக்கரும் போகும், ஆளும் போகலாம். பழுதானால் வீட்டில் சரிசெய்ய வழியில்லை என்பது இன்னொரு குறை.

வெயிட்டும் சேஃப்டி வால்வும்

பிரெஞ்சுக்காரரான தெனி பாப்பின் 1679இல் உருவாக்கிய ஆவிப் பாத்திரம்தான் குக்கருக்கு மூதாதை. அது வெடிக்காமல் இருக்க, பாரம் வைத்த வால்வையும் அவரே கண்டுபிடித்தார். நம் குக்கரின் வெயிட் செய்வது இன்றும் அதே வேலை. ஆகவே, தொலைந்த வெயிட்டுக்குப் பதிலாக இன்னொரு குக்கரின் வெயிட்டை மாட்டுவது பற்றிக் கொஞ்சம் கணக்கோடு பேச வேண்டும்.

வெயிட் உட்காரும் துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தத்தில் ஆவி அதைத் தூக்குவதற்கு வெயிட்டின் எடை 71 கிராம் இருக்க வேண்டும். துளை 4 மில்லிமீட்டர் என்றால் 126 கிராம் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்தான். ஆனால் அந்த 126 கிராம் வெயிட்டை 3 மில்லிமீட்டர் துளையில் வைத்தால், அழுத்தம் 1.78 கிலோவுக்கு ஏறிய பிறகுதான் முதல் விசிலே வரும். கையில் பிடித்துப் பார்த்தால் இரண்டு வெயிட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உங்கள் குக்கரின் அதே மாடலுக்கான வெயிட்டைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள்.

வெயிட் அடைத்துப்போனால் இருக்கவே இருக்கிறது சேஃப்டி வால்வு. பல குக்கர்களில் அதன் நடுவில் குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவை இருக்கும். தண்ணீர் வற்றிச் சூடு ஏறினால் அது உருகி ஆவிக்கு வழிவிடும். உருகினால் குக்கர் கெட்டுவிட்டது என்று பொருளல்ல, தன் கடமையைச் செய்துவிட்டது என்று பொருள். ஏன் உருகியது என்று முதலில் கண்டுபிடியுங்கள்: தண்ணீர் குறைவா, ஆவிக்குழாய் அடைப்பா? அதன்பின் புதிய வால்வை மாட்டுங்கள். ஈயம் ஊற்றி அடைத்தவர்களையும் ஆணி வைத்து முறுக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அது குக்கரின் கடைசிக் காவலைக் கழற்றி எறிவது.

மூன்று வகைக்கும் பொதுவானவை சில. மூடுவதற்கு முன் ஆவிக்குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சிறு வட்டமாக ஒளி தெரிய வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். பருப்பு, பயறு போல நுரைப்பவையும் ஊதுபவையும் என்றால் பாதி போதும். நுரைப்பவற்றை வெயிட்டைத் தூக்கி அவசரமாக ஆவி விடாமல், தானாக அடங்கவிடுங்கள். எண்ணெயில் பொரிப்பதற்கு மூடியைப் போடவே கூடாது.

கேஸ்கட் தளர்ந்துவிட்டால் குளிர்ந்த நீரிலும் ஃப்ரீஸரிலும் போட்டு இறுக்கி மீண்டும் மாட்டுகிறோம். ஓரிரு நாள் ஓடும். ஆனால் குக்கர் புதிய கேஸ்கட் கேட்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. வளைத்துப் பாருங்கள், நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். கழுவிய பிறகு மூடியைப் பூட்டி வைக்காமல், கவிழ்த்து மேலே வைத்தால் கேஸ்கட் நசுங்காது, வாடையும் தங்காது.

அலுமினியமா எவர்சில்வரா என்பதைப் பாதுகாப்புக் கேள்வியாக நான் நினைக்கவில்லை. அலுமினியம் சீக்கிரம் சூடேறும், புளிப்பும் காரமான சோப்பும் பட்டால் கறுக்கும். எவர்சில்வர் கறுக்காது, அடி கனமாக இல்லாவிட்டால் பிடிக்கும். அவ்வளவுதான்.

பல கைகள் மாறி மாறிப் புழங்கும் அடுக்களைக்கு உள்மூடி. அதிகம் சமைப்பவர்கள், வாய் அகலமாக வேண்டும் என்பவர்கள் பூட்டு ஊசி உள்ள வெளிமூடியை வாங்கலாம். அடுப்பருகே நிற்க முடியாதவர்களுக்கு மின்சார குக்கர். ஒன்றையே தேர்ந்தெடு என்றால் உள்மூடியைத்தான் எடுப்பேன், கழுவும் சிரமத்தோடு சேர்த்து.

பூட்டு ஊசி இல்லாத பழைய வெளிமூடி குக்கர் வீட்டில் இருந்தால் பாத்திரத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. என்னைச் சுட்ட அந்தக் குக்கரின் அடிப்பாகம் இன்றும் எங்கள் அடுப்பில் வெந்நீர் வைக்கிறது. மூடியை மட்டும் அன்றே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம்.