ஜாயின்பாயிண்ட்: கண்டிப்பான மென்பொருள், அதனால்தான் பிடித்திருக்கிறது

ஒரு புற்றுநோயின் வீதம் நிஜமாகவே திசை திரும்பியிருக்கிறதா, இல்லை ஓரிரு வருட ஆட்டமா? உயிரிப்புள்ளியியலாளராக என் வேலையில் பாதி இந்தக் கேள்விதான். அதற்கு நான் திறப்பது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் இலவசமாகத் தரும் ஜாயின்பாயிண்ட்.

1973 முதலான நோயாளர் பதிவுகளைக் கொண்ட சீர் (SEER) என்ற அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்திலிருந்து, 2000-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகையை அடிப்படையாக வைத்து வயதுச் சீராக்கம் செய்த (அதாவது, மக்களின் வயது விகித வேறுபாடு ஒப்பீட்டைக் குழப்பாதபடி திருத்திய) வீதங்களை எடுத்து, அவை எவ்வளவு தள்ளாடக்கூடும் என்று காட்டும் திட்டப்பிழையோடு ஜாயின்பாயிண்ட்டில் ஏற்றுவேன். போக்கு எந்த வருடங்களில் முறிகிறது, ஒவ்வொரு துண்டிலும் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறுகிறது, இறங்குகிறது என்று சொல்லிவிடும்.

எனக்குப் பிடித்தது அதன் கண்டிப்பு. 11 வருடத் தரவு கொடுத்தால், அமைப்பை நாமாக மாற்றாதவரை ஒரு முறிவுக்கு மேல் தேடாது. ஐந்து முறிவு வரை தேட வேண்டுமென்றால் 27 வருடமாவது இருக்க வேண்டும். வரைபடத்தில் லேசாக வளைந்ததையெல்லாம் ‘திருப்புமுனை’ என்று எழுதும் ஆசைக்கு இங்கே இடமில்லை. புரோஸ்டேட் புற்றுநோயை ஏற்றிப் பாருங்கள். பிஎஸ்ஏ (இந்தப் புற்றுநோயைத் தேட உதவும் ரத்தப் பரிசோதனை) பரவியதும் கிடுகிடுவென ஏறி, 1992 வாக்கில் உச்சம் தொட்டு, சட்டென்று இறங்கும். அந்த முறிவைத் தயங்காமல் காட்டும். காரணம் பரிசோதனையா, நோயே பெருகியதா என்று மட்டும் சொல்லாது. அது நம் பொறுப்பு.

முறிவு வருடத்துக்கும் நம்பிக்கை இடைவெளி தருகிறது, அதாவது உண்மையான முறிவு எந்த வருடத்திலிருந்து எந்த வருடத்துக்குள் இருக்கக்கூடும் என்ற வரம்பு. அறிக்கை எழுதும்போது பலர் அதை விட்டுவிட்டு ஒற்றை வருடத்தை மட்டும் போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

கடைசி வருடங்களில்தான் கவனம் வேண்டும். சில நோயாளர்களின் விவரம் பதிவேட்டுக்குத் தாமதமாக வந்து சேரும். அதனால் புதிய வருடங்கள் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். தாமதத்துக்குத் திருத்திய வீதங்களை ஏற்றுங்கள். அப்புறம் 2020. கொரோனாவால் பரிசோதனைகள் தள்ளிப்போய், கண்டறிதல் விழுந்த வருடம். நிகழ்வு வீதத்தின் (புதிதாகக் கண்டறியப்படும் நோயாளர் வீதத்தின்) போக்கைக் கணக்கிடும்போது அந்தப் புள்ளியை விலக்கிவிடுவதே சரி. வரைபடத்தில் மட்டும் காட்டுங்கள், ஏன் விலக்கினீர்கள் என்று கீழே ஒரு வரி எழுதுங்கள்.

திரைகள் பழைய பாணி. முதல் வாரம் கொஞ்சம் படுத்தும். பதிவேட்டுத் தரவில் வேலை செய்பவர் யாராக இருந்தாலும் தைரியமாக இறக்கிக்கொள்ளலாம். கையில் ஐந்தாறு வருடத் தரவுதான் இருக்கிறதா? அப்போது முறிவு தேடவே வேண்டாம், ஒரே நேர்க்கோடு போதும்.